நகம் மறையும் ஆழம்

(நெல் நடவு முறைகளும் உழவர் பயிற்சியும் பற்றி, காவிரிக் கடைமடை ஊர் ஒன்றில் குறுவைக்கு முன் உழவர்களும் நடவுக் குழுப் பெண்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்திருக்கும் நடவுக் குழு அக்காமார்களும் தங்கைமார்களும் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இன்றைக்கு உங்கள் வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதை நீங்கள் கடைசியில் உட்கார்ந்து கேட்பது முறையாகாது.

என் கையில் இரண்டு நாற்று இருக்கிறது. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். வலது கையில் இருப்பது 28 நாள் நாற்று. ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து பச்சை கட்டி நிற்கிறது. இடது கையில் இருப்பது 14 நாள் நாற்று. மூன்று இலை, என் விரல் நீளம். வேரடியில் முளைத்த நெல்லின் உமிகூட இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டில் எதை நடலாம் என்று கேட்டால், இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் வலது கையைத்தான் காட்டுவீர்கள். என் அப்பாவும் அதைத்தான் காட்டினார். வேளாண்மை விரிவாக்கப் பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் வரை நானும் அதைத்தான் சொன்னேன். வளர்ந்த பிள்ளை மழையையும் வெயிலையும் தாங்கும் என்பது போல, வளர்ந்த நாற்று சேற்றைத் தாங்கும் என்று நம்பினோம்.

நெல் எப்படித் தூர் கட்டுகிறது என்பதைக் கவனித்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். கட்டயாமா என்ற ஜப்பானிய அறிஞர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இதைப் பயிர் பயிராக உட்கார்ந்து பார்த்தார். நாற்றில் நான்காவது இலை தலைகாட்டும் சமயத்தில், முதல் இலையின் கணுவில் முதல் சிம்பு வெடிக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு ஒவ்வொரு இலைக்கும் ஒரு முறை. சிம்பிலிருந்து சிம்பு, அதிலிருந்து இன்னொரு சிம்பு. வட்டிக்கு வட்டி ஏறுவது போன்ற கணக்கு இது. தொடக்கத்தில் ஒரு சிம்பு தவறினால், அதன் வழியில் பின்னால் வரவேண்டியவை அத்தனையும் தவறிப்போகும்.

நாம் என்ன செய்கிறோம்? சிம்பு வெடிக்கத் தொடங்கிய பிறகு, 25ஆம் நாளோ 30ஆம் நாளோ, நாற்றைப் பிடுங்குகிறோம். வேர் பாதி அறுந்துபோகிறது. காலில் அடித்துச் சேறு போக்குகிறோம். முடிச்சுக் கட்டி வரப்பில் போட்டு, மறுநாள் கொண்டுபோய் நடுகிறோம். பயிர் பச்சை திரும்பப் பத்து நாள் ஆகிறது. அந்தப் பத்து நாளில் பிறந்திருக்க வேண்டிய சிம்புகள் பிறப்பதே இல்லை. 14 நாள் நாற்று இன்னும் தூர் கட்டவே தொடங்காத குழந்தை. உமியோடு, வேர் மண்ணோடு, எடுத்த அரை மணி நேரத்துக்குள் மேலாக நட்டுவிட்டால், இடம் மாறியதே அதற்குத் தெரியாது.

இதைத்தான் ஒற்றை நாற்று நடவு, செம்மை நெல் சாகுபடி என்று சொல்கிறோம். ஒரு குத்துக்கு ஒரு நாற்று. குத்துக்குக் குத்து 25 சென்டிமீட்டர், அதாவது பத்து அங்குலம். நிலத்தில் மயிரிழை வெடிப்பு ஓடிய பிறகு தண்ணீர். நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒரு தரம் உருளைக் களைக்கருவி.

விதைக் கணக்கை ஒரு தரம் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். பத்து அங்குல இடைவெளி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 16 குத்து. ஏக்கருக்கு ஏறக்குறைய 65,000 குத்து. குத்துக்கு ஒன்று என்றால் 65,000 நாற்று. சன்ன ரக நெல் ஆயிரம் மணி 20 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 65,000 மணி 1.3 கிலோ. முளைக்காதது, எலி தின்றது, குருவி தின்றது எல்லாம் போக 3 கிலோ தாராளமாகப் போதும். நாம் ஏக்கருக்கு விடுவது 25 கிலோ, 30 கிலோ. அந்த 30 கிலோவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும். 3 கிலோவுக்கு 1 சென்ட் பாய் நாற்றங்கால் போதும்.

இந்த ஒரு சென்ட்டில் கடைமடைக்காரர்களுக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். திறக்காத ஆண்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். திறந்தாலும் கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும் நாள் நம் கையில் இல்லை. எட்டு சென்ட்டில் விட்ட நாற்று 40 நாள், 45 நாள் என்று முற்றிக்கொண்டே போகும். மனசு கேட்காமல் அதையே நடுவோம். மூன்று கிலோ விதையாக இருந்தால், தண்ணீர் தள்ளிப்போகிறது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டு இன்னொரு சென்ட்டில் மறுபடி விதைக்கலாம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு தொகுதியாக விதைத்து வைத்துக்கொள்ளலாம். செலவு தாங்கும்.

இந்த முறை பிறந்த கதையிலும் இப்படி ஒரு பருவச் சிக்கல் உண்டு. ஆன்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், வேளாண்மை படித்தவர், 1961இல் மடகாஸ்கருக்குப் போனார். அந்த நாட்டு மக்களும் நம்மைப் போல மூன்று வேளையும் சோறு உண்பவர்கள். ஆனால் விளைச்சல் மிகக் குறைவு. அவர் வெளியிலிருந்து உரமும் ரகமும் கொண்டுவந்து கொட்டவில்லை. இருபது ஆண்டு வயல் வயலாக நடந்தார். ஓர் ஊரில் சிலர் குத்துக்கு ஒரே நாற்று வைப்பதைப் பார்த்தார். வேறோர் இடத்தில் சிலர் வயலைத் தண்ணீரில் மூழ்கடிக்காமல் வளர்ப்பதைப் பார்த்தார். பார்த்ததை எல்லாம் குறித்து வைத்துக்கொண்டார். 1983இல் அன்ட்சிராபே ஊரருகே அவர் நடத்திய வேளாண் பள்ளியில், பருவம் ஒத்துவராமல் 15 நாள் நாற்றையே நட வேண்டிய கட்டாயம் வந்தது. பிழைக்குமா என்று எல்லோரும் அஞ்சினார்கள். தூர் கட்டியதைப் பார்த்து அவரே வியந்துபோனார். 1990இல் அந்த நாட்டு நண்பர்களோடு ஓர் அமைப்பைத் தொடங்கியபோது 'தெஃபி சைனா' என்று பெயர் வைத்தார்கள். மலகாசி மொழியில் மனத்தைச் செம்மைப்படுத்துவது என்று பொருள். நெல்லுக்காகத் தொடங்கிய அமைப்பின் பெயரில் நெல் இல்லை. முதலில் பண்பட வேண்டியது எது என்று அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான சங்கதியும் அல்ல. சென்னை மாகாண வேளாண் துறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே தஞ்சை மாவட்டத்தில் ஒற்றை நாற்று நடவைப் பரப்பப் பாடுபட்டது. நூறு ஆண்டுக்கு முந்திய முயற்சி. தண்ணீரை இடைவிட்டுக் கட்டுவதற்கு நம் பாட்டன்மார் வைத்த பெயர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்'. அந்தச் சொல் வாயில் இருக்கிறது, வயலில்தான் காணாமல் போய்விட்டது. எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலில் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். பூக்கும் பருவத்தில் பழுப்பும் கருப்புமாக இருக்கும், முகர்ந்தால் அழுகல் வாடை அடிக்கும். காய்ந்து பாய்ந்த வயலில் வேர் வெள்ளையாக இருக்கும், பிடுங்க இரண்டு கை வேண்டும். பால் பிடிக்கும் நேரத்தில் கதிருக்குச் சோறு போடுவது அந்த வேர்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04இல் தாமிரபரணிப் பாசனத்திலும் காவிரிப் படுகையிலும் தலா நூறு உழவர்களின் வயல்களில் இதைச் சோதித்தது. ஒரே உழவரின் நிலத்தில் ஒரு பக்கம் பழைய நடவு, ஒரு பக்கம் புதிய நடவு. சராசரியாக எக்டேருக்கு ஒன்றரை டன் அளவுக்குக் கூடுதலாக விளைந்தது. நம் கணக்கில் ஏக்கருக்குப் பத்து மூட்டை. பிறகு 2007இல் உலக வங்கி உதவியோடு வந்த நீர்வள நிலவளத் திட்டத்தின் வழியாக இது பல ஆற்றுப் படுகைகளுக்கும் போனது.

எல்லா அறிஞர்களும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2004இல் சின்க்ளேர், காஸ்மன் போன்ற பயிரியல் அறிஞர்கள் இதன் மீது கடுமையாக ஐயம் எழுப்பினார்கள். 2006இல் பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த மக்டொனால்டும் அவருடைய தோழர்களும், மடகாஸ்கருக்கு வெளியே, நன்றாகப் பராமரித்த வழக்கமான நடவைவிட இது மேலானது என்று சொல்ல முடியாது என்றார்கள். நன்றாகப் பராமரித்த நடவு என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். சரியான வயதில் நாற்று, சரியான இடைவெளி, நேரத்துக்குக் களை, அளவறிந்த உரம், இவை எல்லாம் இருந்தால் இரண்டு முறைக்கும் இடையே வேறுபாடு சுருங்கும் என்பது உண்மைதான். நம் வயல்களில் எத்தனை வயல் அப்படிப் பராமரிக்கப்படுகிறது? பெயர் எதுவாக இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கவனம் வயலுக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் என் கேள்வி.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுக்கு முந்தி, கடைமடை ஊர் ஒன்றில் நான் நடத்திய பயிற்சி அது. ஊர்ச் சாவடியில் பந்தல் போட்டோம். பட்டாதாரர் நாற்பது பேர் வந்தார்கள், அத்தனை பேரும் ஆண்கள். படம் காட்டினேன். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். அடையாளம் போடும் உருளையையும் களைக்கருவியையும் கையில் கொடுத்தோம். கையெழுத்து வாங்கினோம். நல்ல பயிற்சி என்று எண்ணிக்கொண்டுதான் ஊர் திரும்பினேன்.

நடவு நாளில் போய்ப் பார்த்தேன். வயலில் இறங்கியிருந்தவர்கள் பதினாறு பெண்கள். அவர்களில் ஒருவர்கூடப் பயிற்சிக்கு வந்தவர் இல்லை, அழைத்திருந்தால்தானே வருவார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி நடுகிற குழு அது. கோடு பார்த்து ஒவ்வொரு நாற்றாக வைத்தால் பொழுது இறங்கிவிடும், கூலி பாதியாகிவிடும். அதனால் கைப்பழக்கத்தில் நட்டுக்கொண்டு போனார்கள். கைப்பழக்கம் என்றால், நான்கைந்து நாற்றைச் சேர்த்துப் பிடித்துக் கட்டைவிரலால் உள்ளே அழுத்துவது. ஒரு சாண் நாற்றுக்கு அந்த ஆழம் சரி. மூன்று இலைப் பிஞ்சுக்கு அது புதைகுழி. பத்தாம் நாள் போனபோது வயலில் பாதி கரைந்து கிடந்தது. நிலக்காரர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

அந்தக் குழுவின் தலைவி வாய்க்கால் கரையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, ஆம்பளைங்கள உக்கார வச்சு நாலு மணி நேரம் சொன்னீங்களாமே. சேத்துல எறங்கறது யாரு? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, புள்ளைய எடுக்கற மாதிரி எடுத்து வச்சிருப்போம்ல?" என்றார்.

பிழை என்னுடையதுதான். பயிற்சித் திட்டத்தில் 'உழவர்' என்று எழுதியிருந்தது. உழவர் என்றால் பட்டாவில் பெயர் இருப்பவர் என்று நானாகப் பொருள் கொண்டுவிட்டேன். நிலத்தில் எந்தக் கை எந்த வேலையைச் செய்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த பருவத்தில் அந்தத் தலைவியின் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்தோம். ஓர் அகலமான தாம்பாளத்தில் சேற்றைக் குழைத்து வைத்தேன். நாற்றை எப்படி நட வேண்டும் என்று நான் எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. முதலில் ஏன் என்று சொன்னேன், சிம்புக் கணக்கைச் சொன்னேன். வேர் நுனி மேல்நோக்கி வளைந்துவிட்டால், அது திரும்பிக் கீழே போகவே பல நாள் ஆகும் என்று, பிடுங்கிய நாற்று ஒன்றை வைத்துக் காட்டினேன். மீதியை அவர்கள் கண்டுபிடித்தார்கள். மேலிருந்து குத்தாமல், விரலைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் சேற்றுக்குள் நழுவவிட்டால் வேர் படுத்துக்கொள்ளும் என்று ஒரு பெண் செய்து காட்டினார். பாய் நாற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க வாழை மட்டையைவிடத் தகரம் வசதி என்று இன்னொருவர் சொன்னார். எவ்வளவு ஆழம் என்று கேட்டபோது ஒன்றரை சென்டிமீட்டர் என்றேன். யாருக்கும் அது மனதில் ஒட்டவில்லை. தலைவி தன் விரலைச் சேற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, "நகம் மறையற ஆழம்" என்றார். அதற்கு மேல் ஒரு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு நான் எழுதிய எல்லாத் துண்டறிக்கையிலும் சென்டிமீட்டரை எடுத்துவிட்டு அதைத்தான் போட்டேன்.

அன்றைக்கு இரண்டு மணி நேரம்தான் பயிற்சி. ஆனால் ஒரு நாள் கூலி கொடுத்தோம். முதல் வயலை ஏக்கர் ஒப்பந்தத்தில் பேசாமல் நாள் கூலியில் பேசும்படி நிலக்காரரிடம் நான் மன்றாடினேன். கற்றுக்கொள்கிற நாளில் வேகம் குறையும். அந்த இழப்பை யார் தாங்குவது என்பதை முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால், எந்த நல்ல முறையும் நடவு நாளன்று மத்தியானத்தோடு கைவிடப்படும். இரண்டாவது பருவத்தில் அதே பெண்கள் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார்கள். நாற்று குறைவு, பறிப்பு இல்லை, முடிச்சுச் சுமை இல்லை என்பதால் இடுப்பு வலி குறைந்தது என்றும் சொன்னார்கள்.

கூலிக் கணக்கு எவ்வளவு பெரிது என்பதை மடகாஸ்கரும் காட்டியிருக்கிறது. மோசர், பாரெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே கிராமம் கிராமமாகப் போய், இந்த முறையைத் தொடங்கிவிட்டுக் கைவிட்டவர்களைப் பற்றி ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். விளைச்சல் கூடுவது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. இருந்தும் ஏழைகள் விட்டுவிட்டார்கள். காரணம், நடவுக் காலம்தான் அவர்கள் வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும் காலம். அன்றன்றைய கூலிக்கு அடுத்தவர் வயலுக்குப் போனால்தான் அன்றைக்குச் சாப்பாடு. தன் வயலில் கூடுதல் நேரம் குனிந்து நடுவதற்கு அவர்களிடம் நாள் இல்லை. அறுவடைக்கு வரப்போகும் பத்து மூட்டை, இன்றைக்கு அடுப்பெரிக்க உதவாது. ஊருக்கு ஊர் பந்தல் போட்டுப் பேசும் நாங்கள் இதை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும்.

களைக்கருவி பற்றியும் ஒரு வார்த்தை. கோனோவீடர் என்று நாம் சொல்லும் கருவி பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. களையைப் பிடுங்கி வரப்பில் எறியாமல் சேற்றிலேயே அமுக்கிவிடும், வேருக்குக் காற்றும் போகும். ஆனால் நம் கடைமடைக் களிமண்ணில் அது சிக்கிக்கொள்ளும். கனமும் கூட. கையால் களையெடுத்த பெண்களிடமிருந்து அந்த வேலை ஆண்கள் கைக்குப் போனது, கூலியும் அவர்களோடு போனது. எடை குறைந்த கருவிகள் பிறகு வந்தன. பெண்கள் தள்ளிப் பார்த்து, கைப்பிடி உயரம் இவ்வளவு இருக்கட்டும் என்று சொல்லிச் செய்த கருவியை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

இப்போது பயிற்சி என்ற சொல்லுக்கு வருகிறேன். 1980களில் நம் நாட்டில் பயிற்சி-பார்வைத் திட்டம் பெரிதாக நடந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு செய்தியை அலுவலர் கொண்டுபோய், ஊருக்குச் சிலராகத் தேர்ந்த 'தொடர்பு உழவர்'களிடம் சொல்வார். அவர்கள் மற்றவர்களிடம் சொல்வார்கள் என்பது ஏற்பாடு. வாய்க்காலில் மடை திறந்தால் தண்ணீர் தானாகக் கடைமடைக்குப் போகும் என்று எண்ணியது போலத்தான். தலைமடையில் நின்றுவிடும் என்று கடைமடைக்காரர்களாகிய உங்களுக்குத் தெரியாதா? செய்தியும் அப்படித்தான் நின்றது.

வேறு ஒரு வழியை இந்தோனேசியா காட்டியது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நம்மையும் வாட்டிய புகையான் பூச்சியில் தொடங்கியது. 1980களின் நடுவில் ஜாவாத் தீவில் புகையான் வயல் வயலாக எரித்துக்கொண்டு போனது. அரசு பூச்சிமருந்துக்குப் பெரும் மானியம் கொடுத்தது. அடிக்க அடிக்கப் புகையான் கூடியது. புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் வைக்கும், மருந்து அங்கே எட்டாது. வெளியே திரியும் சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும்தான் மருந்து கொன்றது. காவல்காரர்களைக் கொன்றுவிட்டுக் கொள்ளையருக்குக் கதவைத் திறந்துவிட்ட நிலை. 1986இல் குடியரசுத் தலைவர் சுகார்த்தோ ஆணை பிறப்பித்து, 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தார். மானியமும் சில ஆண்டுகளில் நின்றது.

ஆணை போட்டால் ஆயிற்றா? மருந்து அடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க உழவருக்குத் துணிச்சல் வர வேண்டுமே. அதற்காக 1989இல், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனத்தின் துணையோடு, உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. ஏறக்குறைய 25 பேர். வாரம் ஒரு காலை. நட்டதிலிருந்து அறுக்கும் வரை முழுப் பருவமும். பாடப்புத்தகம் கிடையாது, வயல்தான் பாடம். ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்குவார்கள், குத்துகளைப் பிரித்துப் பூச்சிகளை எண்ணுவார்கள். கரையேறிப் பெரிய தாளில் பயிரை வரைவார்கள். ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறுபக்கம் அதைத் தின்னும் பூச்சி. வெயில், மழை, தண்ணீர் அளவு எல்லாம் படத்தில் வரும். பிறகு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று வழக்காடுவார்கள். பயிற்றுநர் விடை சொல்லக் கூடாது. யாராவது இது என்ன பூச்சி என்று கேட்டால், எங்கே பார்த்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இலை தின்னும் புழுவைக் கண்டால் உழவரின் வயிறு கலங்கும். அதனால் அவர்களையே கத்தரிக்கோலை எடுத்து, இளம் பயிரின் இலையில் கால் பங்கை ஒரு பாத்தியிலும் அரைப் பங்கை ஒரு பாத்தியிலும் வெட்டச் சொன்னார்கள். சில வாரத்தில் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்வதை அவர்களே அளந்து பார்த்தார்கள். சிலந்தியையும் புகையானையும் வலைக்கூண்டில் ஒரே குத்தில் விட்டு, மறுநாள் எது மிஞ்சியது என்று எண்ணினார்கள். தன் கண்ணால் எண்ணிய ஒருவரை எந்த மருந்துக் கடைக்காரரும் எளிதில் அசைக்க முடியாது. பத்து ஆண்டுக்குள் பத்து லட்சம் உழவர்கள் அங்கே அந்தப் பள்ளியில் படித்து முடித்தார்கள். நம் மாநிலத்திலும் அட்மா என்னும் வேளாண் விரிவாக்கத் திட்டத்தில் வயல்வெளிப் பள்ளிகள் நடக்கின்றன.

அதிலும் ஒரு குறை வெளிப்பட்டது. இந்தோனேசியாவில் ஃபெடர் என்பவரும் உடனிருந்த ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிக்குப் போனவரிடமிருந்து பக்கத்து வயல்காரருக்கு அந்த அறிவு அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை என்றது. எனக்கு அது வியப்பாக இல்லை. புது விதை என்றால் ஒரு படி வாங்கிக்கொண்டு போகலாம். வயலைப் பார்த்து முடிவெடுக்கும் திறனை வேலி ஓரம் நின்று பேசிக் கைமாற்ற முடியாது. நீந்தத் தெரிந்தவர் சொல்லக் கேட்டு யாரும் நீந்தியதில்லை.

அப்படியானால் திறன் எப்படிப் பரவும்? ஒரு நிலக்காரர் மூன்று ஏக்கரில் நடுவார், பத்து ஏக்கரில் நடுவார். ஒரு நடவுக் குழு ஒரு குறுவையில் எத்தனை நிலக்காரரின் வயலில் இறங்குகிறது என்று இந்த அக்காமார்களைக் கேட்டுப் பாருங்கள். கைத்திறன் ஊர் ஊராக நடந்துபோவது அவர்கள் காலில்தான். ஒரு குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பருவத்தில் அவர்கள் நடும் எல்லா வயலுக்கும் பாடம் போய்ச் சேர்கிறது. இத்தனை ஆண்டுப் பணியில் இதை நான் காலம் தாழ்த்தித்தான் உணர்ந்தேன். தமிழ்நாடு அரசு உழவர் தலைவர் சி. நாராயணசாமி நாயுடு அவர்கள் பெயரால் நெல் உற்பத்தித் திறன் விருதைக் குடியரசு நாளில் வழங்குகிறது. செம்மை நெல் சாகுபடியில் மாநிலத்திலேயே மிகுதியாக விளைத்த உழவருக்கு அந்தப் பெருமை சேர்கிறது. அது வேண்டும், வாழ்த்துகிறேன். அந்த மேடையில் அவருக்குப் பக்கத்தில், அந்த வயலை நட்ட பெண்களும் நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். இது என் கோரிக்கை, எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.

நடவுக்கு ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது, இயந்திர நடவு வந்துவிட்டது என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. வரட்டும். இயந்திரத்துக்கும் இளம் நாற்று வேண்டும், பாய் நாற்றங்கால் வேண்டும். மண்ணைச் சலித்து, சரியான கனத்தில் பரப்பி, பாய் கிழியாமல் சுருட்டி எடுப்பது கைவேலை. அதைச் சரியாகச் செய்யாவிட்டால் இயந்திரம் வரிசையில் ஓட்டை விட்டுக்கொண்டே போகும். பின்னாலேயே சென்று விட்டுப்போன இடங்களில் நடுவதும் இதே பெண்கள்தான். இலை வண்ண அட்டையும் அப்படித்தான். பயிரின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டு, யூரியா இப்போது வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கும் எளிய பொருள். களையெடுக்கத் தினமும் வயலில் இருப்பவர் கையில் அது இருந்தால் ஒரு மூட்டை யூரியா மிச்சமாகும். பெரும்பாலும் அது நிலக்காரர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

கூட்டம் ஏற்பாடு செய்தவர்களிடம் நான் முன்பே பேசிவிட்டேன். நாளைக் காலை 6 மணிக்குப் பெருமாள் கோயில் வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள ஒரு மா நிலத்தில் நடவு. நேற்றே பரம்படித்துச் சேறு தெளிய விட்டிருக்கிறார்கள். 14 நாள் நாற்று ஒரு சென்ட்டில் தயாராக இருக்கிறது. சொல்லிக்கொடுக்கப் போவது நான் இல்லை. நான் சொன்ன அந்தக் கடைமடை ஊரிலிருந்து நான்கு பெண்கள் முதல் பேருந்தில் வருகிறார்கள். அவர்களுக்கு ஆசிரியர் என்ற முறையில் படி கொடுக்க ஏற்பாடாகியிருக்கிறது. இந்த ஊர் நடவுக் குழுவுக்கு நாளைக்கு முழு நாள் கூலி உண்டு, வேகம் குறைந்தாலும் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. நிலக்காரர்களும் வாருங்கள். ஆனால் வரப்பில் நிற்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஆளுக்கு ஒரு வரிசையாவது நட வேண்டும். வருபவர்கள் நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டாம், ஆழம் பார்க்கத் தேவைப்படும்.